வேண்டாம் என்று சொல்லும் குரல்

ஒலிப்பதிவுக்கூடத்தில் அவளுக்குத் தேன்குரல் என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். மாயாஜாலக் காதல் கதைகளை ஒலிநூலாக வாசிப்பது அவள் வேலை. சிறகு முளைத்த இளவரசனோ சாபம் வாங்கிய அரசனோ, எவனாக இருந்தாலும் நாயகியைத் தூக்கிக்கொண்டு போவான். அவள் "விடு" என்பாள். அந்த ஒரு சொல்லைக் குழைத்து, மூச்சில் பாதியை விழுங்கி, "விட்டுடாதே" என்று கேட்கிறவர் மனதில் படும்படி சொல்வதில் தேன்குரலை அடித்துக்கொள்ள ஆளில்லை. நாயகி வாள் வீசுவாள், சிங்கத்தின் மேல் சவாரி செய்வாள். அவன் கை பட்டால் மட்டும் துவண்டு விழுந்துவிட வேண்டும். என்ன வீரமோ!

போன வாரம் கல்லூரியிலிருந்து வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். கூடப் படிக்கிற ஒருவன் மாடிப்படியில் வழிமறித்துக் கையைப் பிடித்திருக்கிறான். விடு என்றிருக்கிறாள். மகளுக்கும் அச்சு அசல் அம்மாவின் குரல்தான்.

"உங்கம்மா கதையில சொல்ற மாதிரியே இருக்குன்னு சிரிக்கிறான்மா. மேலேருந்து ஆள் வந்ததாலதான் விட்டான். நிஜமாவே வேண்டாம்னா எப்படிம்மா சொல்றது?"

தேன்குரல் மறுநாளே கல்லூரிக்குப் போய் அவன்மேல் புகார் கொடுத்தாள். மகளின் கேள்விதான் அப்படியே நின்றது.

இன்று புதிய கதை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநரும் ஒலிப்பதிவாளரும். கோபுரத்து உச்சியில் இளவரசன் நாயகியின் தோளைப் பற்றுகிறான். "கையை எடு" என்று அவள் சொல்ல வேண்டும். வேலை போனாலும் போகட்டும், இன்றைக்கு நிஜமாகவே சொல்லிவிடுவது என்ற முடிவோடு வந்திருந்தாள். சொன்னாள்.

"அடடா! தேன்னா தேன்தான்," என்றார் இயக்குநர்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இன்னொரு தடவை என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள், அதுவும் குழைந்தது. உரக்கச் சொன்னாள், ஊடல்போல ஒலித்தது. இத்தனை வருஷம் பழக்கிய தொண்டை அவள் பேச்சைக் கேட்பதாக இல்லை. தனக்கே வராததை மகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பாள்? பயமாக இருந்தது. குளிரூட்டிய அறையிலும் வேர்த்துக்கொட்டியது.

இயக்குநர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பேசும்போது கை மட்டும் சும்மா இருக்காது.

"ஏம்மா இப்படி டென்ஷன் ஆகறே? முதல் தடவையே நல்லாத்தானே இருந்துச்சு!"

தோளில் வைத்த கை அங்கேயே தங்கியது. இத்தனை வருஷமும் இதற்குச் சிரித்துத்தான் மழுப்பியிருக்கிறாள்.

"கையை எடு."

அவள் கத்தவில்லை. முகத்தில் கோபம்கூட இல்லை. அவர் சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் எழுந்தே நின்றுவிட்டார். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"இதையே கதையில வைங்க," என்றாள்.

இயக்குநர் கதவுப் பக்கம் நகர்ந்தார். "இதை வச்சா அந்த இளவரசனை யாருக்கும்மா பிடிக்கும்?"

"எனக்குப் பிடிக்கலை," என்றாள். "கதவைச் சாத்திட்டுப் போங்க. அடுத்த வரி படிக்கணும்."