மூன்றாம் மாடி மணி

அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கதவைத் திறந்ததும் எல்லோரிடமும் "மேலயா?" என்றுதான் கேட்பார். கீழே இறங்க நிற்பவரிடமும் அதே கேள்விதான். அதனால் பெரிய டாக்டர் முதல் தரை துடைக்கும் அக்கா வரைக்கும் அவர் 'மேலே அண்ணன்'. அவர் அதற்காகக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. பட்டப்பெயர் வைப்பதில் அந்தக் கட்டடத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆறு மாடி, கீழே ஒரு அடித்தளம், ஸ்ட்ரெச்சர் நுழையும் அளவுக்கு ஒரே ஒரு லிஃப்ட். மூலையில் அவருடைய மர ஸ்டூல். இருபத்தாறு வருஷமாக அதில் உட்கார்ந்திருந்தவரின் காதில் பொழுது விடிந்து பொழுது போனால் விழுந்தது ஒரே சொல்தான். காய்ச்சல் ஏறிடுச்சு, பிரஷர் ஏறிடுச்சு, ரத்தம் ஏத்திக்கிட்டிருக்காங்க, டாக்டர் சொல்றது மண்டையில ஏற மாட்டேங்குது. ஏறினதையெல்லாம் பத்திரமாக இறக்கிவிடும் ஒரே ஆள் தான்தான் என்று மேலே அண்ணன் பீற்றிக்கொள்வார்.

வீட்டில் அந்தப் பேச்சு எடுபடவில்லை. ஒருமுறை வரவேற்பு மேசையில் மேற்பார்வையாளர் வேலை தேடி வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிடுகிற மனுஷனுக்கு ஒரு படி ஏறக் கசக்கிறதா என்று கேட்ட மனைவி, ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரால் காரணத்தைச் சொல்ல முடியவில்லை. அவர் போய்விட்டால் மூன்றாம் மாடியில் யார் நிறுத்துவார்கள்?

ஆமாம், மூன்றாம் மாடி. யாரும் கேட்காவிட்டாலும் ஒவ்வொரு முறை ஏறும்போதும் அங்கே நிறுத்துவார். கதவைத் திறப்பார், காலியான நடையை எட்டிப் பார்ப்பார், மனதுக்குள் பத்து எண்ணுவார், மூடுவார். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். அந்த மாடியில் யாரோ ஏறுகிறார்கள், நம் கண்ணுக்குத்தான் தெரியாது என்று பழைய நர்ஸுகள் புது நர்ஸுகளைப் பயமுறுத்துவார்கள். மேலே அண்ணன் மறுத்ததில்லை. அது முழுப் பொய் என்று அவருக்கே தோன்றவில்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம். பார்வையாளர் நேரம். ஆறாம் மாடியில் இறந்துபோன ஒருவரை அடித்தளத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தார். அப்படி இறக்கும்போது லிஃப்டின் பொத்தான் பலகையில் ஒரு சாவியைத் திருப்பிவிடுவது வழக்கம். எந்த மாடியில் பொத்தானை அழுத்தினாலும் மணி அடிக்கும், லிஃப்ட் நிற்காது. நோயாளிகள் பார்த்து மனம் நொந்துவிடக் கூடாதே என்று செய்த ஏற்பாடு. மூன்றாம் மாடியிலிருந்து மணி அடித்தது. மறுபடி அடித்தது. பிறகு கையை எடுக்காமல் நீளமாக அடித்தது. சாவியைத் திருப்ப ஒரு நொடி ஆகியிருக்காது. எவனோ அவசரக்குடுக்கை டீ குடிக்கப் போகிறான், லிஃப்ட் என்ன இவன் அப்பன் வீட்டுச் சொத்தா என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே கீழே போனார்.

திரும்பி மூன்றாவதுக்கு வந்து திறந்தபோது யாரும் இல்லை. தரையில் ரத்தச் சொட்டுகள். வாசலில் ஒற்றை ரப்பர் செருப்பு கிடந்தது. பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை, ஐந்தாம் மாடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக லிஃப்டை அழைத்து அழைத்துப் பார்த்துவிட்டுப் படியிலேயே தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று தரை துடைக்கும் அக்கா சொன்னாள். மேலே அண்ணன் அந்தச் செருப்பைப் பேப்பரில் சுற்றி ஸ்டூலுக்கு அடியில் இருந்த பெட்டியில் வைத்தார்.

அவள் பிழைத்தாளா என்று அவர் கேட்கவில்லை. யார் தூக்கியது என்றும் கேட்கவில்லை. நோயாளிகளின் பழைய கேஸ்கட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவைத் தினமும் அவர்தான் மேலே கொண்டுபோய் விடுவார். ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்க வாயைத் திறப்பார், "மேலயா?" என்றுதான் வரும். அன்றிலிருந்து அந்த மணி அவர் காதில் அடிக்கிறது. ஒன்று, இரண்டு, பிறகு அந்த நீளமான மணி.

போன மாதம் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோனது. கரண்ட் போய்விட்டது. உள்ளே இரண்டே பேர்தான். மேலே அண்ணனும், ரத்தக் குப்பிகள் அடுக்கிய தட்டுடன் வில்லுவும். வில்லு வார்டு உதவியாளர். இடுப்புக்கு மேல் ஒரு பக்கமாக வளைந்திருப்பார். எப்போதோ நீண்ட லீவில் போய் அப்படித் திரும்பி வந்தார், வண்டியிலிருந்து விழுந்துவிட்டார் என்று பேச்சு. வில்லு என்று பெயர் வைத்தது வேறு யாருமில்லை, மேலே அண்ணன்தான். ஒரு மாடி ஏறக்கூட லிஃப்ட் கேக்குதா துரைக்கு என்று அவரைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

விசிறி நின்றது. அந்த அமைதியில் மேலே அண்ணனின் முகம் வெளிறியது.

"மணி அடிக்குது" என்றார்.

"கரண்டே இல்லையேண்ணே, மணி எப்படி அடிக்கும்?" என்றார் வில்லு.

அந்தக் கேள்வியில் மேலே அண்ணன் உடைந்துவிட்டார். பத்தொன்பது வருஷத்தையும் கொட்டினார். சாவி, மணி, திட்டியது, செருப்பு எல்லாவற்றையும்.

"அந்தம்மா பொழச்சுக்கிட்டாங்கண்ணே. ஆம்பளப் புள்ள" என்றார் வில்லு.

மேலே அண்ணனுக்கு அழுகை வந்தது. நெஞ்சில் இருந்த கல்லை யாரோ எடுத்துவிட்டதுபோல் இருந்தது. உனக்கு எப்படித் தெரியும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"முன்னாடி அவங்க வீட்டுக்காரர் தூக்கினாரு, பின்னாடி நான். படியேறுறப்ப பாரமெல்லாம் பின்னாடிதானே வரும். நாலாவது மாடித் திருப்பத்துல முதுகுல சட்டுனு ஒரு சத்தம். விட்டா விழுந்துருவாங்க. விடல." தட்டைக் கை மாற்றிக்கொண்டார். "அந்தச் செருப்பு என்னுதுதாண்ணே. எங்கயோ போச்சுன்னு நெனச்சேன்."

மேலே அண்ணன் அவருடைய வளைந்த முதுகைப் பார்த்தார். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டார்.

"லீவு முடிஞ்சு வந்த அன்னைக்கு உங்ககிட்டதான் சொல்லலாம்னு லிஃப்டுக்கு வந்தேன். நீங்க 'வாடா வில்லு'ன்னீங்க. உள்ள இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டேன். அப்புறம் என்னத்தைச் சொல்றது?"

கரண்ட் வந்தது. நான்காம் மாடியில் வில்லு வழக்கம்போல் இறங்கிப் போனார்.

மறுநாள் காலை மூன்றாம் மாடி மணி கேட்கவில்லை. காது கொடுத்துக் கேட்டார், இல்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக லிஃப்ட் அங்கே நிற்காமல் போனது. என்னண்ணே, பேய் லீவா என்று ஒரு நர்ஸ் கேட்டாள்.

மூன்றாவதைத் தாண்டியதும் அது கேட்டது. லிஃப்டைச் சுற்றி ஏறும் படிக்கட்டில் யாரோ பாரத்துடன் ஏறுகிறார்கள். ஒரு கால் செருப்புப் போட்டது, ஒரு கால் வெறும் கால். மூச்சு இரைக்கிறது. நான்காவதின் திருப்பத்தில் சட்டென்று ஒரு சத்தம்.

நான்காம் மாடியில் கதவு திறந்தது. தட்டுடன் வில்லு நின்றார். மேலயா என்ற வார்த்தை மேலே அண்ணனுக்கு வரவில்லை. எழுந்து, தன் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினார்.

"உக்காருப்பா."

வில்லு ஸ்டூலைப் பார்த்தார், உட்காரவில்லை.

"உக்காந்தா என்னால எந்திரிக்க முடியாதுண்ணே" என்றார்.