களாக்காய் பறித்தவன்

வேலியில் இருந்த களாக்காயைத் திருடியவன் நான். பழியை ஓர் ஆட்டுக்காரர்மீது போட்டவனும் நான்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பொம்மிடியை அடுத்த சிற்றூரில் ஆசிரியராக இருந்தேன். வண்டிப்பாதையின் இருபுறமும் களாச்செடி வேலி. யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் காய் பிடித்ததும் ஒரு செடியில் வைக்கோற்பிரி கட்டியவருக்கே அதன் காய் என்பது ஊர் வழக்கம். பழுக்கும் முன்பே பறித்து, பால் போக உப்புநீரில் ஊறவைத்து, கொட்டை நீக்கி ஊறுகாய் போடுவார்கள். களிக்கு வருஷம் முழுக்க அதுதான் துணை.

எனக்கு ஊர்மாற்றம் வேண்டியிருந்தது. மேலதிகாரிக்குக் களாக்காய் ஊறுகாய் என்றால் உயிர். எதிர்வீட்டில் படிக்கத் தெரியாத ஓர் அம்மா இருந்தார்; வெளியூர் மகனின் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன். அவர் பிரி கட்டியிருந்த செடியில் ஒரு விடியற்காலையில் ஒரு காய் விடாமல் பறித்தேன். மலையடிவாரத்தில் பறித்தது என்று மனைவியிடம் சொன்னேன்.

அன்றே அந்த அம்மா வந்தார். "யாருன்னு பாத்தீங்களா சார்?"

"நேத்து ஆடு போச்சுங்களே" என்றேன். யோசிக்கவே இல்லை.

ஆட்டுக்காரரை அவர் என் கண்ணெதிரே வழியில் மறித்தார். "உன் ஆட்டுக்கு என் செடிதான் கெடச்சுதா?"

"ஆடு தின்னா தழ மிஞ்சுமா ஆத்தா? காயி மட்டுந்தானே போயிருக்குது. இது கையி இருக்கிற ஆடு."

"அப்ப சார் பொய் சொல்றாராக்கும்?"

ஆட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

எருவுக்காக ஊரார் அவர் ஆடுகளை இரவில் தங்கள் நிலத்தில் அடைத்துக் கிடை போட்டு, கூலியாக ராகி கொடுப்பார்கள். அதுதான் அவர் சாப்பாடு. அந்த வருஷம் அந்த அம்மா கிடை போட விடவில்லை. பார்த்து மற்றவர்களும் விடவில்லை. அவர் தொப்பூர்ப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஊறுகாய் ஜாடி அதிகாரி வீட்டுக்குப் போனது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டின் நடுவே எழுந்து வாசலுக்குப் போவேன், வருவேன். பாடம் நடத்தும்போது ஆட்டுச் சத்தம் கேட்டால் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒரு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"என்கிட்ட எதுக்குங்க? அவங்கிட்டப் போயி சொல்லுங்க" என்றார்.

சைக்கிளில் தொப்பூர் போய்த் தேடிப் பிடித்துச் சொன்னேன்.

"தெரியுங்க சார்" என்றார் ஆட்டுக்காரர்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா எவன் நம்புவான்? நீங்க வந்து ஊருல சொல்லுங்க."

மறுநாள் டீக்கடையில் எல்லோரும் கேட்கச் சொன்னேன். அந்த அம்மாவே போய் அவரை அழைத்து வந்தார். முதல் கிடை அந்த அம்மாவின் நிலத்தில்தான்.

ஊர்மாற்றம் கிடைக்கவில்லை. இன்னும் பல வருஷம் எதிரெதிர் வீட்டில் இருந்தோம். அந்த அம்மா ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் மகனிடமிருந்து கடிதம் வந்தால், என் வாசலைக் கடந்துபோய், அடுத்த தெருவில் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வார்.