மீன் வண்டியில் அம்மாவின் ஏச்சு

எனக்குப் பொழுதுபோக்கு என்று எதுவுமே இல்லை என்பது எட்டாம் வகுப்பில்தான் தெரியவந்தது. "எனது பொழுதுபோக்கு" என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். வகுப்பில் இருந்த அத்தனை பேரும் முத்திரை சேகரிப்பதாக எழுதினோம். எங்களில் ஒருவர் வீட்டுக்கும் தபாலில் கடிதம் வந்ததில்லை. டீச்சர் கொப்பிகளைப் பார்த்துத் தலையில் கைவைத்துவிட்டு, விடுமுறை முடிந்து வரும்போது ஆளுக்கொரு உண்மையான பொழுதுபோக்கோடு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

தேடினேன். தைக்கப் போய், தலையணை உறையை என் பாவாடையோடு சேர்த்துத் தைத்தேன். கேக் செய்தேன், கோழிகூடத் தள்ளி நின்றுதான் பார்த்தது. கடைசியில் மிஞ்சியது வாய்தான். வானொலியில் செய்தி வாசிப்பவர்களைப் போல நாள் முழுக்க வாசித்துத் திரிந்தேன். சோப்பு உறை, மருந்துச் சீட்டு, மின்சார பில், ஒன்றையும் விடவில்லை. அம்மாவுக்குத் தலையிடி வந்தது.

அதை ரசித்த ஒரே ஆள், அம்மாவின் தம்பியான என் மாமா. வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, வாவிக்கரை ஊர்களில் விற்பவர். கத்திக் கத்தித் தொண்டை போய், புதிதாக ஒரு ஒலிபெருக்கி வாங்கியிருந்தார்.

"மருமகள், நீ ரெண்டு வரி பேசித் தா. நாளைக்கு நாலு ஊருக்கும் உன்ட குரல்தான். சும்மா இல்ல புள்ள, கிழமைக்கு ஒரு கிலோ இறால் தாறன்."

எனக்குக் கால் தரையில் படவில்லை. பொழுதுபோக்கும் வேலையும் ஒரே நாளில்! பின்வளவில் நின்று மாமாவின் போனில் பேசினேன். "அன்பார்ந்த பொதுமக்களே! சூடை, கெளுத்தி, மணலை மற்றும் வாவி இறால் ஆகியன தற்போது உங்கள் வாசலுக்கு வருகை தந்துகொண்டிருக்கின்றன." ஏதோ அமைச்சர் வருவது போலிருந்தது. மாமா முழுதாகக் கேட்டுப் பார்க்காமலே அதை ஒலிபெருக்கியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை வாசல் படலையில் காத்து நின்றேன். தெருமுனையில் என் குரல் கேட்டது. உடம்பெல்லாம் புல்லரித்தது. "...வருகை தந்துகொண்டிருக்கின்றன." அதோடு முடியவில்லை. பின்னாலேயே அம்மாவின் குரல் வந்தது.

"அடியேய்! அடுப்பில சோறு பொங்கி வழியுது, அங்க நிண்டு என்னகா செய்யிறாய்? இஞ்ச வா, வாயில மிளகாய அரைச்சுப் பூசுறன்!"

பேசி முடித்ததும் போனில் பதிவை நிறுத்த மறந்திருக்கிறேன். ஒலிபெருக்கி அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனது. ஊரே சிரித்துக்கொண்டு வெளியே வந்தது. பத்து மணிக்கு முன்னரே பெட்டி காலி. மாமா சிரித்த முகத்தோடு திரும்பி வந்தபோது அம்மா விளக்குமாறோடு நின்றார்.

"என்ட மானத்த நாலு ஊருக்கும் வித்திட்டியேடா! இப்பவே அத எடு. இல்லாட்டி இந்த வளவுக்க கால் வைக்காத."

எடுத்தோம். அடுத்த நாள் என் குரல் மட்டும் தனியாகப் போனது. பாதி மீன் மிஞ்சியது. "அந்த ஏச்சு எங்க தம்பி?" என்று பெண்கள் படலைக்குப் படலை கேட்டார்களாம். இப்படியே போனால் இது சரிவராது, பழையபடி நானே கத்திக்கொள்கிறேன் என்றார் மாமா. என் வேலை இரண்டே நாளில் போகப் பார்த்தது. அழுகை அழுகையாக வந்தது.

எனக்காகப் பேசக்கூடிய ஆள் அப்பா ஒருவர்தான். அவர் மூன்று வருடமாகக் கத்தாரில் இருந்தார். மாமாவின் போனில் பழைய பதிவு அழியாமல் கிடந்தது. அதையும் புதியதையும் அப்பாவுக்கு அனுப்பி, எது நல்லது என்று கேட்டேன். என் குரலைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வார், அதை மாமாவுக்குப் போட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன்.

மத்தியானம் பதில் வந்தது. பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"மகள், அந்த முதலாவது... அதில கடைசித் துண்ட மட்டும் தனியா வெட்டித் தர ஏலுமா?"

அம்மா போனை வாங்கினார். மூன்று முறை போட்டுக் கேட்டார். குசினிக்குள் அடுப்படிக்குப் போனார். வெகுநேரம் கழித்து வந்து, மாமாவைப் பார்க்காமலே சொன்னார். "சரி, அந்தப் பழசையே போடு. ஏச்சும் அப்பிடியே கிடக்கட்டும்."

என் வேலை தப்பியது. அந்தச் சனிக்கிழமை இறாலும் வந்தது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. மீன் பேர்களையெல்லாம் எவ்வளவு சுத்தமாக உச்சரித்திருந்தேன்! அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்ட துண்டை வெட்டி அனுப்பிவிட்டு, அப்பாவுக்கு நல்ல குரல் எதுவென்றே தெரியாது என்று முடிவு கட்டி, இரண்டு நாள் அவரோடு கதைக்காமல் இருந்தேன்.