டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பாட்டில் மூடிகளுக்கு மோல்டு செய்யும் சின்ன கம்பெனி எங்களுடையது. நான் அங்கே டிராயிங் போடுகிறவன். கம்ப்யூட்டர் முனகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதுவரை செய்த எல்லா மோல்டின் டிராயிங்கும் ஒரே ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தது. அது ஒரு நாள் 'கடக் கடக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. டிராயிங் போனால் கம்பெனி இல்லை. கம்பெனி போனால் இந்த வயதில் என்னை எவன் வேலைக்குச் சேர்ப்பான்?

முதலாளியிடம் மல்லுக்கட்டி, இரண்டு டிஸ்க் செருகும் பெட்டி ஒன்றுக்குச் சம்மதம் வாங்கினேன். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும். ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும். இரண்டையும் வேறு வேறு கம்பெனியாகப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொன்னபோதுதான் வம்பு வந்தது.

"இன்னா நைனா, ஜோடின்னா ஒரே மாதிரி இருக்க வாணாவா? செருப்பு அப்டியா வாங்குவ?" என்றார்.

"சார், ஒரே நாள்ல செஞ்சதுங்க பங்காளிங்க மாதிரி. ஒண்ணுக்கு இருக்கிற சீக்கு இன்னொண்ணுக்கும் இருக்கும். பங்காளி ஊட்ல யாராவது பொண்ணு எடுப்பாங்களா?"

மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவருக்கு இது சட்டென்று பிடிபட்டது. "நல்லா விசாரிச்சு எடு" என்று அனுப்பிவிட்டார்.

சென்னை ரிச்சி தெருவில் ஒன்று, பொன்னேரியில் ஒன்று என்று வாங்கினேன். ஒன்றின் முதுகில் மூச்சு விடுவதற்குச் சின்ன ஓட்டை இருந்தது. அதை மூடக்கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதியும் இருந்தது. மற்றது உள்ளே வாயு அடைத்து முழுக்க மூடியது, ஓட்டையே கிடையாது. பழைய டிஸ்க் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, மறுநாளே செத்துப்போனது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. எல்லா மெஷினையும் போல அந்தப் பெட்டியையும் அணைத்துவிட்டுப் பொரி வாங்கப் போனேன். கணக்கு பார்க்கும் அக்காதான் எங்கள் பூஜைக்குப் பொறுப்பு. லேத்திலிருந்து ஸ்டேப்ளர் வரை அவர் கையால் சந்தனம், குங்குமம் படாமல் எதுவும் தப்பாது. திரும்பி வந்தால் பெட்டி மாலையும் கழுத்துமாக இருந்தது.

"பொட்டியில வெச்சா இன்னா பிரயோஜனம்? வேலை செய்யறது உள்ள இருக்கறதுதான தம்பி? அதான் ரெண்டையும் உருவிட்டேன். ஒண்ணுல பொட்டு வெக்கறதுக்குன்னே அழகா ஒரு குழி குடுத்துகிறான். ரொப்பிட்டேன்."

"மத்ததுலக்கா?"

"அதுல குழி இல்ல. சும்மா ஓரத்துல தடவிட்டேன்."

நான் சுவிட்சை நோக்கிப் பாய்ந்தேன். ஆன் செய்து பார்க்கிறேன் என்றதற்கு முதலாளி விடவில்லை. "பூஜைல வெச்சதத் தொடக்கூடாது. நாளைக்குப் பாத்துக்கலாம்." பொரியை வாயில் போட்டால் மண்ணைத் தின்பதுபோல இருந்தது.

மறுநாள் சுவிட்சைப் போட்டதும் ஒரு விளக்கு சிவப்பு, ஒன்று பச்சை. ஓட்டை வழியாகச் சந்தனத் தண்ணீர் இறங்கிய டிஸ்க் போயே போய்விட்டது. ஓட்டை இல்லாதது உயிரோடு இருந்தது. டிராயிங்குகள் அத்தனையும் திறந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பூஜை போட்டதாலதான் ஒண்ணாவது தப்பிச்சுது" என்றார் முதலாளி. எல்லோரும் தலையாட்டினார்கள். இவர்களிடம் பேசி ஜெயிக்க முடியுமா?

அன்றே ஓடிப்போய் இன்னொரு டிஸ்க் வாங்கிச் செருகினேன். பிழைத்ததிலிருந்து எல்லாம் அதில் பதிந்து முடியவேண்டும். அதற்குள் இதுவும் போனால் கதை முடிந்தது. பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா குங்குமத் தட்டோடு வந்தார். முகம் வாடியிருந்தது. "பேஜாராகீது தம்பி. என்னாலதான? நல்லபடியா முடியணும்னு கொஞ்சமா..." அவர் விரல் பெட்டியை நோக்கி நீண்டது.

நான் குறுக்கே தலையை நீட்டினேன். "எனக்கு வைங்கக்கா. எவ்ளோ வேணா வைங்க."

நெற்றி நிறைய அப்பினார். கடைசி டிராயிங் பதிந்து முடியும்வரை, வியர்வையில் குங்குமம் மூக்கு வரை வழிந்தபோதும், நான் அதைத் துடைக்கவே இல்லை.