செத்தல் மிளகாயும் ஒரு குரல் தேர்வும்

ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் அந்த மின்னஞ்சல் வருகிறது. வடக்கே ஒரு நகரத்து அரங்கின் பாடகர் குழுவுக்கு உயர்ந்த ஆண் குரலில் பாடுகிற இரண்டு தெனோர் தேவை. ஏரிக்கரை ஊரொன்றில் கோடைகால ஒப்பெராவுக்கு இடைநிலைப் பெண் குரலான மெத்ஸோ சொப்ரானோ ஒருவர், மூன்று மாத ஒப்பந்தம், தங்குமிடம் அவரவர் பொறுப்பு. ஒரு சிறு அரங்கு மூடப்பட்டது. இன்னொன்று திருத்த வேலை முடிந்து திறக்கிறது. இளம் பாடகர்களுக்கான பயிற்சிக்கூடம் ஒன்று, முப்பது வயதைத் தாண்டியவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.

நான் பாடகன் இல்லை. பலெர்மோவில் நாலு கட்டடங்களின் படிக்கட்டுகளைக் கழுவுகிறவன். பூசையில் எல்லோரும் பாடும்போது வாயை மட்டும் அசைக்கிறவன். மகள் இசைக் கல்லூரியில் சேர்ந்த வருடம், அவள் கண்ணுக்குத் தப்பிய வேலை ஏதாவது என் கண்ணில் படட்டும் என்று இந்த அறிவிப்புகளை அனுப்புகிறவர்களிடம் என் முகவரியைக் கொடுத்து வைத்தேன். பிறகு நிறுத்தச் சொல்லி இரண்டு முறை சொன்னாள். ஓம் என்றேன். நிறுத்தவில்லை. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் வாளியை வைத்துவிட்டு, எங்கள் ஆட்கள் விடிந்ததும் மரண அறிவித்தல்களைப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். எந்த ஊர், என்ன வயது, எத்தனை மணிக்கு.

மனைவி இறந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. அவள் பாட்டுப் படித்தவள் அல்ல. ஆனால் பெரிய வெள்ளியன்று எங்கள் பங்குக் கோவிலில் மாதாவின் புலம்பலைப் பாடுவது அவள்தான். கறுப்புச் சீலை உடுத்துக்கொண்டு, மன்னாரில் அவளுடைய ஆட்கள் பாடுகிற மாதிரியே. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவள் ஒரு மூச்சு எடுப்பாள். சின்ன மூச்சு. சுடுகிற எதையோ தெரியாமல் தொட்டுவிட்டவர்கள் இழுப்பார்களே, அது. கோவிலின் கடைசி இருக்கை வாங்கு வரைக்கும் கேட்கும். பாட்டை விட அந்த மூச்சில்தான் சனம் அழுதது என்று நான் நினைப்பேன்.

அந்த மூச்சு மகளிடம் வந்திருந்தது. மூச்சு எடுப்பது வெளியில் கேட்கக் கூடாது என்று ஆசிரியர்கள் இரண்டு வருடம் பாடுபட்டு அதைக் கழற்றி எடுத்தார்கள். கழன்றது. பயந்தால் மட்டும் திரும்பி வரும். மனைவி போன பிறகு, காலை வேளைகளில் மகள் அறைக்குள் சுரம் பழகும்போது எப்போதாவது கதவுக்குப் பின்னால் அது கேட்கும். நான் தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டு நிற்பேன். யார் உள்ளே நிற்கிறார்கள் என்று அந்த ஒரு கணம் எனக்குத் தெரியாது.

போன வருடம் வசந்தத்தில் ஒரு திங்கட்கிழமை அந்த அறிவிப்பு வந்தது. பஸ்ஸில் மூன்று மணித்தியாலத் தூரத்தில், கடலோர நகரம் ஒன்றின் அரங்கு. பாடகர் குழுவில் ஓர் இடம். மெத்ஸோ, மகளின் குரல் வகை. நிரந்தரம். வருடா வருடம் கொஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலக வாசலில் வரிசையில் நின்று வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கிற எங்களுக்கு, நிரந்தரம் என்பது பக்கத்து வீட்டுக்காரரின் சொல். பாடகர்களுக்கும் அப்படித்தானாம். அப்படி ஓர் இடம் யாராவது ஓய்வு பெற்றால் அல்லது செத்தால்தான் திறக்கும் என்று மகள் சொன்னாள். அவளுடைய இருபத்தொன்பது வயதில் அப்படி ஒன்று திறந்தது அதுதான் முதல் தடவை.

விண்ணப்பம் போனது. கூப்பிட்டார்கள். எப்படியோ தெரியவந்து, உள்ளூர்ச் செய்தித்தளம் ஒன்று அவளுடைய படத்தோடு நாலு வரி போட்டது. படிக்கட்டுக் கழுவுகிறவரின் மகள் ஒப்பெரா வாசலில் என்று. அதை எங்கள் ஆட்கள் தொலைபேசியில் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல் வரை அனுப்பினார்கள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், கையைப் பிடிக்காத ஆள் இல்லை. இனி எங்களைத் தெரியாது என்பீர்கள் என்று ஒருவர் பகிடி விட்டார். கிடைத்த மாதிரித்தான் என்று இன்னொருவர் முடிவே சொல்லிவிட்டார். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்குப் பிடரியில் மனைவியின் குரல் கேட்டது. இவ்வளவு வாயும் பட்ட பிள்ளைக்கு இன்றைக்கே நாவூறு கழித்துப்போட வேணும்.

அவள் இருந்தபோது ஒவ்வொரு பரீட்சைக்கும் கழித்தாள். மூன்று செத்தல் மிளகாய், ஒரு பிடி உப்பு. பிள்ளையைச் சுற்றி மூன்று தரம். அருள் நிறைந்த மரியே என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே நெருப்பில் போடுவாள். வீடே இருமினால் பயமில்லை. மணக்காமல் எரிந்தால் நாவூறு பட்டிருக்கிறது. அப்போது திரும்பவும் கழிக்க வேணும். ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிப் பங்குச் சுவாமியிடம் ஏச்சு வாங்கினாள். அடுத்த பரீட்சைக்கும் கழித்தாள். கீழ்வீட்டு சிஞ்ஞோராவுக்கு இதெல்லாம் விளங்கும். போர்கோ வெக்கியோவிலேயே பிறந்து வளர்ந்த கிழவி. அவள் கோப்பைத் தண்ணீரில் எண்ணெய்த் துளி விட்டுப் பார்ப்பாள். இரண்டு பேரும் ஒருவர் வைத்தியத்தை ஒருவர் நம்பாமல், ஆனால் இரண்டையும் செய்துகொள்வார்கள்.

நான் இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கிற ஆளாகத்தான் இருந்தேன்.

தேர்வு நாள் விடியும்போதே ஷிரோக்கோ அடித்துக்கொண்டிருந்தது. ஆபிரிக்காவிலிருந்து மண்ணோடு வருகிற சூட்டுக் காற்று. பாடுகிறவர்களுக்கு எதிரி. மகள் இரண்டு நாளாக வாய் திறக்கவில்லை. குரலைச் சேமிக்க அப்படித்தான் செய்வார்களாம். சொல்ல வேண்டியதைத் தொலைபேசியில் எழுதிக் காட்டுவாள். யன்னல்களை எல்லாம் பூட்டி, ஈரத் துவாய்களைத் தொங்கவிட்டிருந்தாள். ஆறு மணிக்குக் குசினி மேசையில் ஆவி பிடித்துக்கொண்டிருந்தவள், துவாயை விலக்கிவிட்டு என் மூடிய கையைப் பார்த்தாள். என்ன வைத்திருக்கிறேன் என்று விளங்கிவிட்டது. சிரித்தாள். தொலைபேசியை எடுத்து எழுதிக் காட்டினாள்.

"சரி. ஆனால் பல்கனியிலை. கதவைப் பூட்டிப்போட்டு."

மூன்று தரம் சுற்றினேன். செபம் வரிசையாக வந்ததோ தெரியாது. பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். இறைச்சி வாட்டுகிற தகரத் தட்டில் கரியை ஏற்கெனவே மூட்டி வைத்திருந்தேன். மிளகாயைப் போட்டேன். உப்பு வெடித்தது. மிளகாய் சுருண்டு கறுத்தது. ஒன்றும் மணக்கவில்லை.

காற்று புகையைப் பிடுங்கித் துறைமுகப் பக்கம் கொண்டுபோகிறது. அது ஒரு குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் மணக்கவில்லை. குனிந்து முகர்ந்தேன், மணக்கவில்லை. அந்த நேரத்தில் நான் நானாக இருக்கவில்லை. மனைவியின் பயம் என் தோலுக்குள் வந்து நின்றது. பிள்ளைக்குப் பட்டிருக்கிறது, பட்டிருக்கிறது. காற்றா நாவூறா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒரு மூச்சுக்கு மட்டும், பார்த்துவிட்டு உடனே வெளியில் கொண்டுபோய்விடலாம் என்று, கதவைத் திறந்து தட்டோடு குசினிக்குள் வந்தேன்.

மணந்தது.

யன்னல்கள் பூட்டிய வீடு. ஆவி பிடிக்கவென்று நெஞ்சு முழுக்கத் திறந்து வைத்திருந்த பிள்ளை. அவள் இருமியதை நான் எழுத மாட்டேன். எழுத வேண்டியது வேறு. அவள் முதல் இருமலை இருமியபோது, ஒரு கணம், எனக்குச் சந்தோசமாக இருந்தது. இருமுகிறாள், அப்படியென்றால் ஒன்றும் படவில்லை என்று. அந்த ஒரு கணத்தைத்தான் என்னால் எங்கேயும் கொண்டுபோய்ப் போட முடியவில்லை.

பஸ்ஸில் மூன்று மணித்தியாலம் பக்கத்தில் இருந்தோம். அவள் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தாள். சிலவேளை தோள் குலுங்கும், சத்தம் வராமல் அமத்துவாள். நகரத்துக்குள் நுழையும்போது, இரண்டு நாளுக்குப் பிறகு முதன்முதலாக வாய் திறந்தாள். அவள் சொன்னதை நான் கேட்கவில்லை, குரலைத்தான் கேட்டேன். அரத்தால் இரும்பை ராவுவது போல் இருந்தது.

"அப்பா, நீங்கள் வாசலிலை நில்லுங்கோ. உள்ளுக்கை வரவேண்டாம்."

ஆனால் நான் உள்ளே போனேன். அறைகளுக்கு நடுவில் இருந்த ஓடையில் வைத்தியரிடம் காட்ட வந்தவர்கள் போல் பாடகர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர்ப் போத்தலும் இசைத்தாள் கோவையும். அவள் கதவுக்கு அப்பால் போன பிறகு கதவோரம் போய் நின்றேன். ஒரு விசயம் அவள் முன்பே சொல்லித் தந்திருந்தாள். முதல் பாட்டை முடிய விட்டு, இரண்டாவதையும் பாடச் சொன்னால் நம்பிக்கை உண்டு. நடுவில் நிறுத்தி நன்றி சொன்னால், அவ்வளவுதான்.

பியானோ தொடங்கியது. அதற்குப் பிறகு, பாட்டுக்கு முன்னால், அந்த மூச்சு. இரண்டு வருடம் பாடுபட்டுக் கழற்றிய மூச்சு. தாயின் மூச்சு. கதவு தடித்த மரக் கதவு, இருந்தும் கேட்டது. பிறகு குரல் வந்தது, நன்றாகத்தான் வந்தது. மேலே ஏறி மெல்லியதாகப் போக வேண்டிய இடத்தில் இருமல் வந்தது. பியானோ நின்றது. விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்கினார்கள். திரும்பவும் அதே இடம். ஓர் ஆணின் குரல், மிகவும் மரியாதையாக, கிராத்ஸியே, நன்றி, என்றது.

அந்தச் சொல்லை இந்த ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் கேட்கிறேன். படியில் வழி விட்டால் கிராத்ஸியே. கடையில் மிச்சக் காசோடு கிராத்ஸியே. ஒவ்வொரு முறையும் எங்கேயோ ஒரு பியானோ நிற்கிறது.

திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்தில் அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அது புகையாலை இல்லையப்பா. நான்தான் வடிவாய்ப் பழகேல்லை."

பொய். அந்தப் பொய்யை நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதன் பிறகு அந்தக் காலையைப் பற்றி வீட்டில் யாரும் கதைத்ததில்லை. கீழ்வீட்டு சிஞ்ஞோராவுக்கு மட்டும் சொன்னேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு, எண்ணெய்க்குப் புகை இல்லையே, என்னிடம் ஏன் வரவில்லை என்று ஏசினாள். ஒரு கிழமை என் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை.

மகள் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரை உணவகங்களில் கலியாண விருந்துகளுக்குப் பாடுகிறாள். ஒருநாள் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் விடப் போனேன். மட்டிக் கோதுகளைக் கோப்பையில் எறிகிற சத்தத்துக்கு நடுவில் வெள்ளைச் சட்டையோடு நின்று பாடினாள். மூச்சு கேட்கவில்லை. பயம் இல்லாத இடம் அது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எனக்கோ, வீட்டில் இருமல் ஒன்று தங்கிவிட்டது. மகள் வீட்டில் இல்லாத நேரங்களில் குசினியில் கேட்கும். திரைச்சீலைகளை மாற்றினேன், சுவருக்கு வெள்ளை அடித்தேன். திங்கட்கிழமைகளில் மின்னஞ்சலைப் பார்த்தேன், அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லுகிற உரிமையை நானே எரித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை. முதல் நாள் பின்னேரமே மகள் ஒரு பையோடு வெளிக்கிட்டிருந்தாள். பிரான்காச்சோவில் சிநேகிதி வீட்டில் நின்றுவிட்டு வாறன் என்றாள். நான் மத்தியானம் வேலையால் வந்து, பருப்புத் தாளிக்கலாம் என்று குசினித் தட்டைப் பார்த்தால் செத்தல் மிளகாய்ப் போத்தல் இல்லை. சீனிக்குப் பின்னால் இல்லை, குளிர்சாதனப் பெட்டியில் இல்லை. பல்கனியில் நின்று சிஞ்ஞோராவைக் கூப்பிட்டுக் கேட்கலாமோ என்று அந்தப் பக்கம் திரும்பினேன். கரிப் பை இருந்த மூலையும் வெறுமையாகக் கிடந்தது.

மிளகாயும் கரியும். இரண்டையும் சேர்த்து ஒளிக்கிற ஆளுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

கதிரையில் இருந்தேன். திங்கட்கிழமை மின்னஞ்சல்களை எடுத்துப் பழையவற்றையும் புரட்டினேன். அந்தப் புதன்கிழமைக்கு மெத்ஸோ கேட்டவர்கள் மூன்று ஊர்களில். எந்த ஊர் என்று தெரியவில்லை. முதலில் வெட்கம் வந்தது. பெற்ற பிள்ளை என் கைக்குப் பயந்து மிளகாயை ஒளிக்கிறாள். பிறகுதான் மற்றது மெதுவாக வந்தது. அவள் நிறுத்தவில்லை. எனக்குச் சொல்லாமல், எத்தனையாவது தடவையோ, போய்க்கொண்டிருக்கிறாள்.

மூன்று மணியளவில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் அந்த மூச்சு கேட்டது. சுடுகிற எதையோ தொட்ட மூச்சு. குழாயை நிறுத்தினேன். யாரும் இல்லை. யாருடையது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. செபம் சொல்ல வாய் வந்தது, அதையும் சொல்லவில்லை. என் கை படாமல் இருக்கட்டும் என்று, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். இருமல் வருமோ என்று காத்திருந்தேன். வரவில்லை.

ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. அவளுக்குப் பின்னால் ரயில் நிலைய அறிவிப்பு. ஊர்ப் பெயர் எனக்குப் பிடிபடவில்லை.

"அப்பா, மிளகாய்ப் போத்தல் என்ர அலுமாரியிலை கீழ்த்தட்டிலை இருக்கு. இனி எடுக்கலாம்."

எனக்குக் கேட்க வந்தது ஒன்று, வாயில் வந்தது இன்னொன்று.

"சாப்பிட்டியோ பிள்ளை?"

"ஓம்," என்றாள். பிறகு ரயில் சத்தத்துக்கு மேலாகச் சொன்னாள். "ரெண்டாவது பாட்டையும் பாடச் சொன்னவை அப்பா."

தெரிவானவர்களின் பட்டியல் இன்னும் வரவில்லை. வந்தால் அவள் சொல்லுவாள், அல்லது சொல்லமாட்டாள். அன்று அலுமாரியைத் திறந்து பார்த்தேன். கரிப் பைக்குப் பக்கத்தில், போத்தல் தாயின் கறுப்புச் சீலைக்குள் சுற்றியபடி இருந்தது. தொடவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து பருப்புக்கு மிளகுத்தூளைப் போட்டேன்.