ஐந்தாவது மென்பொருளும் முதல் அத்தியாயமும்

கல்லூரி நூலகத்தின் பணியாளர் பட்டியலில் நூலகர் அம்மாவைப் பற்றி, "தகவல்களை ஒழுங்குபடுத்துவதில் தேர்ந்தவர், விரைந்து முடிவெடுப்பவர்" என்று போட்டிருக்கிறது. நாற்பதாயிரம் புத்தகங்களில் எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தன் குறிப்புகளில் எது எங்கே என்று கண்ணைத் திறந்துகொண்டும் சொல்லத் தெரியாது.

பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை இருந்தும் மக்கள் ஏன் அதற்கு வெளியே நிற்கிறார்கள் என்பது அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. பகுதிநேரம், ஆறாவது ஆண்டு. அறுபது நிறுத்தங்களில் கால் கடுக்க நின்று ஆயிரத்துச் சொச்சம் குறிப்புகள் எடுத்தார். அவை இதுவரை நான்கு மென்பொருள்களில் குடியிருந்துவிட்டன. ஒன்றில் தேடல் சரியில்லை. இன்னொன்றில் தேடல் பிரமாதம், படங்களைத்தான் விழுங்கிவிட்டது. மூன்றாவதில் குறையே இல்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் பாதிக் குறிப்புகள் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டன.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் முதல் அத்தியாயம் வராவிட்டால் பதிவு ரத்து என்று நெறியாளர் எழுத்திலேயே கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை இவர் ஐந்தாவது மென்பொருளை இறக்கினார்.

"இதுல என்ன விசேஷம்?" என்றார் கணவர்.

"குறிப்புக்கும் குறிப்புக்கும் கோடு போட்டுக் காட்டும்ங்க."

"அப்போ பழசு?"

"தலைமுழுகியாச்சு."

"மூணாவதையும் இப்படித்தான் சொன்னே. வீடு மாத்தி மாத்தியே உன் குறிப்பெல்லாம் கிழடாகிடும் போல."

"நீங்க முதல்ல டிவி ரிமோட்டை எங்க வெச்சீங்கன்னு தேடுங்க."

செவ்வாயும் புதனும் குறிப்புகளுக்கு வண்ணம் கொடுத்தார். நிழற்குடைக்குள்ளேயே அடிக்கும் வெயில் காரணமென்றால் மஞ்சள், முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்காரக் கூச்சமென்றால் நீலம். சாப்பாடு நின்றபடியே. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்தார். வியாழன் பிற்பகல் முழுதும், ஒரே ஒரு குறிப்பு வெயிலா கூச்சமா என்பதில் போயிற்று.

வெள்ளி காலை, புத்தகம் வழங்கும் மேசையில் கூட வேலை செய்யும் பெண் கேட்டாள்: "எத்தனை பக்கம் ஆச்சுக்கா?"

"வண்ணம் முடிஞ்சிருச்சு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"நரம்பில்லாத நாக்குடி உனக்கு. விடு, நெறியாளர் ஐயாகிட்ட மன்னிப்புக் கேட்டு எழுதிடறேன்."

மின்னஞ்சலைத் திறந்தார். வெறுமனே மன்னிப்புக் கேட்டால் சோம்பேறி என்று நினைத்துவிட்டால்? எந்தக் குறிப்பு எந்த மென்பொருளில் மாட்டிக்கொண்டது, அதில் என்ன இருக்கிறது என்று விளக்கத் தொடங்கினார். ஓட்டுநர் கண்ணில் பட வேண்டுமே என்று வெளியே நிற்பவர்கள் இரண்டாவதில். உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டால் மூன்றாமவர் நுழையத் தயங்குவது நான்காவதில். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று சொல்லாமல் விட்டால் ஐயாவுக்குப் புரியாதே, அதையும் எழுதினார். எண்களுக்காக மட்டும் பழையவற்றை நாலைந்து முறை திறந்தார். மதியச் சாப்பாடு மறந்துபோனது. நான்கு மணிக்குப் பார்த்தால் பத்தொன்பது பக்க மன்னிப்பு.

மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "அக்கா, இதானே அத்தியாயம்?"

"இதுல கோடும் இல்ல, வண்ணமும் இல்லையேடி."

"உங்க ஐயா படிக்கத்தானே கேட்டாரு?"

நான்கு ஐம்பதுக்கு அவர் மென்பொருள் பெயர்களையும் எல்லா 'மன்னிக்கவும்'களையும் நீக்கி, மேலே 'அத்தியாயம் ஒன்று' என்று எழுதி, நெறியாளருக்கு அனுப்பினார்.