தாராவிக்குப் போன ஸ்பானிஷ்

1964 ஜூன். காலை ஏழு மணிக்கு தாதரில் இறங்கினேன். நல்ல மழை. தாராவி இரண்டரை மைல்தான். டாக்ஸிக்காரர் மூன்று ரூபாய் கேட்டார். "பாரிஷ் ஹை, சாப்" என்று வானத்தைக் காட்டினார். பேரம் பேசி, தொப்பலாக நனைந்து, அதே மூன்றைத்தான் கொடுத்தேன்.

வந்தது பள்ளித் தோழன் காதருக்காக. மேலப்பாளையத்துக்காரன், தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கிறான். பார்சிலோனா வியாபாரி ஒருவர் அன்று ஆர்டர் பேச வருகிறார். அவருக்கு ஸ்பானிஷ் தவிர எதுவும் வராது. நான் சென்னையில் தோல் ஏற்றுமதி ஆபீஸ் குமாஸ்தா. ஒரு பாதிரியாரிடம் ஸ்பானிஷ் படித்தவன். ஆர்டர் கைகூடாவிட்டால் மழைக்காலம் முழுக்கப் பட்டறையை மூட வேண்டியதுதான் என்று காதர் சொல்லியிருந்தான்.

பதினோரு மணிக்கு வியாபாரி வந்தார். தோலைத் தடவிப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இருநூறு கட்டு, மாதக் கடைசிக் கப்பலுக்கு வந்து சேருமா என்றார்.

"இன்ஷா அல்லா, சேந்துரும்" என்றான் காதர்.

இன்ஷா அல்லாவுக்கு ஸ்பானிஷில் 'ஓஹலா'. அப்படியே சொன்னேன்: "ஓஹலா யேகென்." அங்கேதான் வம்பு. நிச்சயம் வந்து சேரும் என்றால் 'யேகரான்' என்பார்கள். ஓஹலா போட்டால் அது 'யேகென்' ஆகிவிடும். வந்து சேரட்டும் என்கிற ஆசை மட்டுமே மிஞ்சும். ஆசையை நம்பிக் கப்பலில் யார் இடம் பிடிப்பார்? வியாபாரி பேனாவை மூடினார்.

"காதர், சேந்துரும்னு மட்டும் சொல்லும்வே. மத்தத மனசுக்குள்ள சொல்லிக்கிடும்."

"நாளைக்கு நடக்கப்போறதுக்கு நான் எப்படிவே உறுதி சொல்ல? எங்க வாப்பாவே சொன்னதில்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலாளியிடம் பொய் சொல்லி லீவு வாங்கி, ரயிலில் இடுப்பொடிய வந்தவன் நான்! கெஞ்சினேன், திட்டினேன். அசையவில்லை.

கடைசியில் காதர் வியாபாரியைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனான். எண்பது கட்டு தயாராக அடுக்கியிருந்தது. "இது முடிஞ்ச வேலை. இன்னைக்கே எடுத்துக்கிடலாம்னு சொல்லும். இதுக்கு உறுதி சொல்லுதேன்."

எண்பதை வாங்கிக்கொண்டார். மீதியை, கையடித்து உறுதி சொன்ன பக்கத்துப் பட்டறைக்குக் கொடுத்துவிட்டார்.

"மழைக்காலத்துல பாதிக்கு இது போதும்வே" என்று சிரித்தபடி காதர் என்னை ரயிலேற்றினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாண் தாண்டியும் கோபம் தணியவில்லை. சென்னை போய்ச் சேர்ந்ததும் ஆபீசில் உட்கார்ந்து, தோல் இன்னும் ஆட்டின் மேல் இருக்கும்போதே, "கண்டிப்பாக அனுப்பிவைக்கிறோம்" என்று நான் எழுதியாக வேண்டும்.